அறுபத்து மூணு பெருசா, எட்டு பெருசா?

போன வாரம் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல கணக்குக்கு நூத்துக்குத் தொண்ணூறு வாங்குது. நீங்க என்னமோ அவளுக்குத் தசமமே புரியலைன்னு சொன்னீங்களாமே? ராத்திரி சாப்பிடாம படுத்துட்டா" என்றார். குரலில் மரியாதை இருந்தது, வருத்தமும் இருந்தது.

நான் அப்படிச் சொன்னேனா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். அதை அவருக்கு விளக்கப் போனால் என்னுடைய முப்பத்து நான்கு வருட வாத்தியார் வேலையையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும். அதற்குள் டீ ஆறிவிடும். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் 1975-இல் கணக்கு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். இன்று சொல்லப்போவது 1986-ஆம் வருடத்துச் சங்கதி. ஏழாம் வகுப்பு. ஒரே அறையில் அறுபத்திரண்டு பிள்ளைகள். கரும்பலகையில் 0.7, 0.65 என்று இரண்டு எண்களை எழுதி, "பெரியது எது?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன். அப்பா நெல் அறுவடைக்குப் போகிறவர். எழுந்து நின்று, "0.65 சார்" என்றான். ஏன் என்று கேட்டேன். "ஏழை விட அறுபத்தஞ்சு பெருசு சார்" என்றான்.

"புள்ளி வெச்சிருக்கேனே, அது உன் கண்ணுக்குத் தெரியலையாடா?" என்று கேட்டு, மர ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைத்தேன். வகுப்பே சிரித்தது. சரியான விடையைச் சொல்லி, எல்லோரையும் இரண்டு முறை எழுதச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், நான் ஒருவன் மட்டும் செய்யவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவன் அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் எழுந்து நின்று காரணம் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இனி மெல்போர்னுக்கு வருகிறேன். 2018-இல் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மகள் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வகுப்புப் பிள்ளைகளின் ஆன்லைன் வினாடி வினா முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், நானும் எட்டிப் பார்த்தேன். "யாரும்மா முதல் மார்க்கு?" என்று கேட்டேன்.

"அப்பா, இதுல மார்க்கு முக்கியமில்ல. எந்தப் பிள்ளை எந்த மாதிரித் தப்பைப் பண்ணியிருக்குன்னு பாருங்க" என்றாள்.

தப்பில் என்ன வகை? சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. இதைத்தானே முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையில் போட்டுக்கொண்டிருந்தேன்!

அவள் விளக்கினாள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேஸி என்ற கணிதக் கல்விப் பேராசிரியையும், உடன் விக்கி ஸ்டைன்லி போன்றவர்களும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் இரண்டிரண்டு தசம எண்களைக் கொடுத்து, பெரியது எது என்று கேட்டுப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், தப்பாகப் போடும் பிள்ளைகளில் பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. அவர்களுக்குள் ஒரு விதி இருக்கிறது. விதி தப்பு, ஆனால் அந்த விதிப்படி ஒழுங்காகப் போடுகிறார்கள். பிறகு அந்த ஆராய்ச்சிகளின் வழியில், ஐந்து பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் முடிக்கக்கூடிய 'ஸ்மார்ட் டெஸ்ட்' என்ற சிறு தேர்வுகளையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். பிள்ளை விடையைத் தொட்டதும், அது எந்த எண்ணத்தில் தொட்டிருக்கும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கேள்வியை அமைப்பதில்தான் சூட்சுமம். 4.8, 4.63 என்று கொடுத்தால் பெரியது 4.8. இதில் எண் நீளம் குறைந்தது பெரியது. 0.5, 0.75 என்று கொடுத்தால் பெரியது 0.75. இதில் நீளமானது பெரியது. இரண்டு வகையிலும் மூன்று மூன்று கேள்வி கலந்து கொடுக்க வேண்டும். "நீளமாக இருந்தால் பெரிசு" என்று நினைக்கும் பிள்ளை முதல் வகை மூன்றையும் தப்பாகவும், இரண்டாம் வகை மூன்றையும் சரியாகவும் போடும். "குட்டையாக இருந்தால் பெரிசு" என்று நினைக்கும் பிள்ளை அப்படியே தலைகீழாகப் போடும். இரண்டு பேருக்கும் ஆறுக்கு மூன்றுதான் மார்க். என் சிவப்புப் பேனாவுக்கு இருவரும் ஒன்று. ஆனால் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்று, மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டியது முற்றிலும் வேறு.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. "ஏழை விட அறுபத்தஞ்சு பெருசு சார்." அந்தப் பையன் தன் விதியை எனக்கு வாய்விட்டே சொல்லியிருக்கிறான். இன்று கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடிப்பதை அவன் இனாமாகக் கையில் கொடுத்தான். நான் ஸ்கேலை எடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் அந்த விதியை அவனுக்குக் கொடுத்ததும் நாம்தான். முழு எண்களில் 65 எப்போதும் 7-ஐ விடப் பெரியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் சொல்லித்தருகிறோம். பிறகு 0.65-ஐ "பூஜ்யம் புள்ளி அறுபத்தஞ்சு" என்று வாயால் வாசிக்கிறோம். "பூஜ்யம் புள்ளி ஆறு அஞ்சு" என்று வாசித்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும். காசுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நாலு ரூபாய் எட்டு காசு என்றால் 4.08 என்று எழுத வேண்டும், பிள்ளைகள் 4.8 என்று எழுதுவார்கள். நம் வயதுக்காரர்களுக்கு 1957 ஏப்ரல் ஞாபகம் இருக்கும். பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுக் கணக்கு. கடைத்தெருவில் பெரியவர்களே தடுமாறினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. ஓரணாவைக் கொடுத்தால் கால் நயா பைசா எங்கே போகிறது என்று என் அப்பாவைக் கேட்டதும், "வாயை மூடிட்டு வா" என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. கேள்வி கேட்டவனின் வாயை மூடுவது எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் திண்ணை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். காசு கிடையாது. மகன் கொடுத்த பழைய டேப்லெட் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் கூகுள் ஃபார்மில் கேள்வி போடச் சொல்லிக்கொடுத்தான். கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் நாள் தேர்வு வைத்தேன். ஆறு பிள்ளைகளுக்கும் அச்சு அசலாக ஒரே விடைகள்! ஆஹா, ஒரே தப்பு விதி ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். என் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, "முதல்ல பண்ண பையன் மத்தவங்களுக்கு வெரலைக் காட்டிச் சொல்லிட்டிருந்தானே, நீங்க பாக்கலையா?" என்றாள். அடுத்த நாள் முதல் ஒவ்வொருவராக உள் அறைக்கு வந்து பண்ணச் சொன்னேன்.

டீக்கடைக்காரர் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. கெட்டிக்காரி. ஆறு கேள்வியில் முதல் வகை மூன்றும் சரி. இரண்டாம் வகை மூன்றும் தப்பு. 0.5-ஐ விட 0.75 சிறியது என்று தொட்டிருந்தாள். எனக்கே நம்ப முடியவில்லை. கூப்பிட்டு, "ஏம்மா, இதை எப்படிப் போட்டே?" என்று கேட்டேன்.

"சார், புள்ளிக்கு அப்புறம் முதல் எண் பத்துல ஒரு பங்கு, ரெண்டாவது நூறுல ஒரு பங்கு. நூறுல ஒரு பங்குன்னா ரொம்பச் சின்னது இல்லையா? அதனால நூறுல பங்கு வர்ற எண் சின்னது" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி அப்பழுக்கில்லாத உண்மை. நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கை விடச் சின்னதுதான். பங்கின் அளவைப் பார்த்தவள், எத்தனை பங்கு என்று எண்ண விட்டுவிட்டாள். "சரிம்மா, அரைக் கிலோ பெருசா, முக்கால் கிலோ பெருசா?" என்றேன். "முக்கால் கிலோ" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "0.75 கிலோன்னா எவ்வளவு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. முக்கால் என்ற சொல் அவளுக்குள் கடையில் பால் வாங்கும் இடத்தில் இருக்கிறது. 0.75 என்பது பள்ளிக்கூட நோட்டில் இருக்கிறது. இரண்டும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை. காலும் அரைக்காலும் வீசமும் வாயிலேயே வைத்திருந்த நம் தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். மற்றப் பிள்ளைகள் முன்னால், "தொண்ணூறு மார்க்கு வாங்குறே, தசமம் புரியலையேம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் பழைய வாய்தானே. ஸ்கேல்தான் போயிருக்கிறது. டீக்கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் தொண்ணூறு மார்க் எப்படி வந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாடியில் தகரப் பெட்டியில் என் பழைய வினாத்தாள்கள் கொஞ்சம் இருக்கின்றன. நான் கையால் எழுதிச் சைக்ளோஸ்டைல் எடுத்தவை. தசமம் வரும் தாள்கள் ஐந்து அகப்பட்டன. அவற்றில் "பெரியது எது" என்ற வகைக் கேள்விகள் மொத்தம் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். இரண்டில் இரு எண்களுக்கும் ஒரே நீளம். மீதி ஒன்பதும் முதல் வகை! 0.7, 0.65 மாதிரி. பையன்களைச் சிக்க வைக்கும் கேள்வி என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நீளமான எண்ணைச் சிறியதாகவே வைத்திருக்கிறேன்.

அதாவது, டீக்கடைக்காரர் மகள் மாதிரி நினைத்த பிள்ளை எதுவாக இருந்தாலும் என் தாளில் பதினொன்றுக்குப் பதினொன்று வாங்கியிருக்கும். நான் "மிக நன்று" என்று எழுதியிருப்பேன். அப்படி எத்தனை பேருக்கு எழுதினேனோ! 1986-இல் அடி வாங்கியவனை மட்டுமே நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் முழு மார்க் வாங்கிப் போனவர்களிலும் எத்தனையோ பேர் புரியாமலேயே போயிருக்கிறார்கள் என்பது அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அடி வாங்கியவனாவது என்னை நம்பிக் காரணத்தைச் சொன்னான். இவர்களை நான் கேட்கவே இல்லை. சரியான விடை எழுதியவனை "எப்படிப் போட்டே" என்று எந்த வாத்தியார் கேட்பார்?

உடனே நண்பர்கள் சிலர், அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் இந்த ஆன்லைன் தேர்வு ஒன்றே போதுமே என்று நினைக்கலாம். போதாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

கூட்டல் கேள்வி ஒன்று வைத்திருந்தேன்: 3.5 + 0.1 எவ்வளவு? விடைகள் 3.6, 3.51, 0.36, 4. இதில் 3.51 என்பது புள்ளிக்கு நேர் புள்ளி வைக்காமல் கடைசியில் ஒட்டும் பிள்ளைக்கு. 0.36 என்பது புள்ளியை மறந்து கூட்டிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து தப்பான இடத்தில் வைக்கும் பிள்ளைக்கு. 4 என்பது இடம் நிரப்ப நான் சும்மா போட்டது. அதற்குப் பின்னால் ஒரு எண்ணமும் கிடையாது. சலூன்காரர் மகன் அந்த 4-ஐத் தொட்டிருந்தான். கவனக்குறைவு என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஆனால் மகள் சொன்னது ஞாபகம் வந்து, கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், மூணு ஓவர் அஞ்சு பால் போட்டாச்சு. இன்னும் ஒரு பால் போட்டா நாலு ஓவர்தானே?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். டி.வி.யில் தினமும் பார்க்கிற 3.5-க்கு அடுத்து 4 தான் வருகிறது. அவன் பார்த்த இடத்தில் புள்ளி பத்துக்குப் பத்தாக நகராது, ஆறுக்கு ஆறாக நகரும். இதை மெல்போர்னில் செய்த கேள்வித்தாளோ என் கூகுள் ஃபார்மோ எப்படிக் கண்டுபிடிக்கும்? கேள்வி வைத்தவன் தலையில் இல்லாத எண்ணத்தைக் கேள்வியால் பிடிக்க முடியாது. அறுபத்திரண்டு பிள்ளைகளில் யாரிடம் போய் உட்கார வேண்டும் என்பதைத் தேர்வு ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். எனக்கு 1986-இல் இல்லாத வசதி அது. ஆனால் உட்கார்ந்து கேட்க வேண்டியது மனுஷன்தான்.

டீக்கடைக்காரர் மகளிடம் அடுத்த நாள் நானே பேசினேன். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பி.வி.சி. பைப்பை ஒரு மீட்டரில் ஒன்று, பத்து சென்டிமீட்டரில் பல, ஒரு சென்டிமீட்டரில் பத்து என்று வெட்டி வாங்கினேன். தசமத்தைக் குழாய்த் துண்டு வைத்துச் சொல்லித்தரும் வழக்கம் அங்கேயும் உண்டு. பெரிய குழாய் 1. அடுத்தது 0.1. குட்டித் துண்டு 0.01. "0.5 வைம்மா" என்றேன். ஐந்து துண்டை வரிசையாக வைத்தாள். "பக்கத்துல 0.75 வை." ஏழு துண்டு வைத்து, ஐந்து குட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "சார், குட்டித் துண்டு சின்னதுதான். ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே இது நீளமாயிடுச்சு" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. "நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா, தப்பு என்மேலதான்" என்றேன். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு, 4.8-க்கும் 4.63-க்கும் குழாய் போதாது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த 1986 பையன் அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனதாகச் சொன்னார்கள். அதன்பிறகு குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது. அவன் படிப்பை விட்டதற்குத் தசமம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமை இருந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் அவன் போகலாமா, இருக்கலாமா என்று யோசித்த நாளில் தராசின் எந்தத் தட்டில் என் ஸ்கேல் விழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவனுக்கு ஐம்பதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்காவது பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால், ஸ்கேல் எடுக்காமல் சொல்லிக்கொடுக்கட்டும்.

நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் இந்த மூன்று ஜோடியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: 4.8, 4.63 — 0.5, 0.75 — 2.45, 2.3. பெரிய எண்ணை வட்டமிடச் சொல்லுங்கள். விடை 4.8, 0.75, 2.45. சரியாகப் போட்டாலும் சரி, தப்பாகப் போட்டாலும் சரி, "எப்படிடா கண்ணா போட்டே?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை.

டீக்கடைக்காரரிடம் நேற்றுப் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மார்க்கு இனிமேயும் தொண்ணூறுதானே சார் வரும்? இதுக்கு மேல என்ன வித்தியாசம்?" என்றார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் கடை உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே குரல் கொடுத்தாள்: "அப்பா, நீ 0.75 லிட்டர் பாலை அரை லிட்டரை விடக் கம்மின்னு எனக்கு வித்தா நான் இனிமே கண்டுபிடிச்சுடுவேன்."

டீக்கு அன்று அவர் காசு வாங்கவில்லை.